மாயவித்தைக்காரன் சீமோன்

அப்போஸ்தலருடைய நடபடிகள் என்னும் நூலின் எட்டாம் அதிகாரத்தில் சீமோன் என்றொரு மாயவித்தைக்காரன் வருகிறான். சமாரியா நாட்டுப் பட்டணமொன்றில் நெடுங்காலம் வித்தைகள் காட்டி, சிறியோர் முதல் பெரியோர் வரை எல்லோரையும் பிரமிக்கச் செய்து, தெய்வத்தின் மகா சக்தியே மனித வடிவில் வந்திருக்கிறது என்று ஊரார் நம்பும்படி வாழ்ந்திருந்த அவன், பிலிப்பு என்னும் ஊழியர் அங்கே வந்து போதித்து நோயாளரைக் குணமாக்கத் தொடங்கியபோது, தன் கூட்டம் கலைவதைக் கண்டு பகைகொள்ளாமல், தானும் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டு, பிலிப்புவின் பின்னாலேயே வியப்போடு திரிந்தான். பிறகு எருசலேமிலிருந்து பேதுருவும் யோவானும் வந்தார்கள். அவர்கள் கைகளை வைத்து ஜெபித்த மாத்திரத்தில் விசுவாசிகள் பரிசுத்த ஆவியைப் பெறுவதைக் கண்ட சீமோன், பணத்தை எடுத்து நீட்டி, அந்த வல்லமையைத் தனக்கும் தரும்படி கேட்டான். பேதுரு பணத்தையும் பணக்காரனையும் சேர்த்துச் சபித்தார். சாபம் பலிக்காதபடி தனக்காக நீங்களே வேண்டிக்கொள்ளுங்கள் என்று அவன் கெஞ்சுவதோடு வரலாறு நின்றுவிடுகிறது. பேசா என்று வழங்கும் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று, அவன் ஓயாமல் அழுதுகொண்டிருந்தான் என்றும் ஒரு வரி சேர்த்துச் சொல்கிறது.

மூலத்தில் உள்ளது இவ்வளவே. பதினாறு வசனங்கள். இதில் ரோமாபுரி இல்லை. நீரோ மன்னன் இல்லை. வானத்தில் பறந்து விழும் காட்சி இல்லை. ஹெலன் என்னும் பெண்ணும் இல்லை. இன்னும் கூர்ந்து நோக்கினால், மாயவித்தை செய்தான் என்பதற்காக அவனை ஒருவரும் தண்டிக்கவில்லை என்பதும் புலப்படும். வித்தைக்காரனாக இருந்த காலத்தில் அவனுக்கு ஞானஸ்நானம் தடையின்றிக் கிடைத்தது. சாபம் வந்தது அவன் விலை பேசியபோதுதான். பிற்காலத்தார் இந்த வரலாற்றை இரண்டாகப் பிளந்து, பணத்தைத் திருச்சபையின் சட்ட சாஸ்திரிகளிடமும், வித்தையைக் கதைசொல்லிகளிடமும் ஒப்படைத்துவிட்டார்கள் என்பதும், அவ்விரு பாகங்களும் மறுபடி ஒன்றுசேரவே இல்லை என்பதும் இந்த விஷயத்தை ஆராய்வோர்க்கு மெல்ல மெல்ல விளங்கும்.

அக்காலத்து நிலையை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். ரோம சாம்ராஜ்யத்தின் கீழ்த்திசை மாகாணங்களில் நோய் தீர்ப்பவர், பிசாசு ஓட்டுபவர், நாள் கோள் பார்ப்பவர், தாயத்து எழுதுபவர் ஆகியோர் தெருவுக்குத் தெரு இருந்தனர். அதே நடபடிகள் நூலில், சீப்புருத் தீவின் பாப்போ பட்டணத்தில், செர்கியுபவுல் என்னும் ரோம அதிபதியின் சபையில் எலிமா என்ற யூத மாயவித்தைக்காரன் இருந்து பவுலை எதிர்த்தான். பவுல் அவனை உற்றுநோக்கிப் பேசிய சொல்லால் அவன் கண் இருண்டு, கைலாகு கொடுப்பாரைத் தேடித் தடுமாறினான். எபேசு பட்டணத்தில் ஸ்கேவா என்பவனின் ஏழு புதல்வர் இயேசுவின் பெயரைச் சொல்லிப் பிசாசு ஓட்டப்போய், அதனாலேயே அடிபட்டு, ஆடையிழந்து ஓடினர். அதைக் கேட்ட ஊரார் தங்கள் மந்திரச் சுவடிகளைக் கொண்டுவந்து பலர் பார்க்க எரித்தனர். எரிந்த சுவடிகளின் விலை ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு எனக் கணக்கிடப்பட்டது. இவற்றையெல்லாம் சமயப் பற்றின்றி வாசிக்கும் ஒருவன், பவுல் எலிமாவுக்குச் செய்ததற்கும், ஒரு மந்திரவாதி தன் எதிரிக்கு ஏவல் விடுவதற்கும் வெளித்தோற்றத்தில் என்ன வேற்றுமை என்று கேட்கக்கூடும்.

கேட்டும் இருக்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிறிஸ்தவரைக் கண்டித்து நூலெழுதிய செல்சஸ் என்னும் தத்துவவாதி, இயேசு எகிப்துக்குக் கூலிவேலைக்குப் போய், அங்கே சில வித்தைகளைக் கற்றுத் திரும்பி, அவற்றின் பலத்தால் தம்மைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டார் என்று எழுதினான். மாயவித்தை என்பது ரோமச் சட்டத்தில் உயிருக்கே உலை வைக்கக்கூடிய குற்றம். ஆகவே இது வெறும் ஏச்சன்று. இதற்கு விடை சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் திருச்சபைக்கு இருந்தது. செய்கை ஒன்றுபோலவே தோன்றுகையில் செய்பவனைக் கொண்டுதான் வேற்றுமை காட்டமுடியும். எனவே திருச்சபை ஆசிரியரான ஓரிகன், வித்தைக்காரனைப் பார்த்தவன் ஒழுக்கத்தில் திருந்துகிறானா என்று நோக்குங்கள் என்றார். இரேனேயு என்னும் ஆயர், எங்கள் சபையார் குணமாக்குவதற்குக் காசு வாங்குவதில்லை என்பதை முக்கியமாக எடுத்துச் சொன்னார். அற்புதத்துக்கும் மாயத்துக்கும் நடுவே எல்லைக்கல் நாட்டத் தேடியவர்களுக்குக் கூலி வாங்குதல் என்பது கைக்கு அகப்பட்ட முதற்கல்லாக அமைந்தது. சமாரியாவில் பணம் நீட்டிய மனிதன் இந்த வாதத்துக்கு எவ்வளவு பயன்பட்டிருப்பான் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அவன் பணத்தோடு நின்றுவிடவில்லை. கி.பி. 155ஆம் ஆண்டையொட்டி ரோமப் பேரரசனுக்கு விண்ணப்பமாக நூல் எழுதிய யுஸ்தீன், தாமும் சமாரியா நாட்டவரே. அவர் சொல்வதாவது: சீமோன் கித்தா என்னும் ஊரினன். கிளாடியஸ் அரசன் காலத்தில் ரோமாபுரிக்கு வந்து வித்தை காட்டினான். தைபர் நதியின் தீவில் இரண்டு பாலங்களுக்கு நடுவே அவனைத் தெய்வமாக்கிச் சிலையும் நிறுத்தி, பரிசுத்த தெய்வமாகிய சீமோனுக்கு என்று சாசனமும் பொறித்தார்கள். சமாரியர் ஏறக்குறைய அனைவரும் அவனை வணங்குகிறார்கள். இந்தச் சிலையின் கதை வேடிக்கையானது. 1574ஆம் ஆண்டில் அத்தீவிலேயே ஒரு கல் தோண்டியெடுக்கப்பட்டது. அதன்மேல் இருந்த பெயர் சீமோன் அன்று; செமோ சாங்கஸ் என்னும் பழைய சபைன் குலத்துச் சத்தியப் பிரமாண தேவதையின் பெயர். யுஸ்தீன் அவசரத்தில் எழுத்தைப் பிழைபட வாசித்திருக்கவேண்டும் என்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் முடிபு. எழுத்துப் பிழையினால் ஒரு மாந்திரிகனுக்குத் தெய்வ பதவி கிடைத்த இவ்விருத்தாந்தத்தை, யுஸ்தீனுக்குப் பின்வந்தோர் ஒருவர் பின் ஒருவராக எடுத்து எழுதிக்கொண்டே போனார்கள்.

180ஆம் ஆண்டளவில் லியோன் நகரத்து ஆயராயிருந்த இரேனேயு அவனுக்கு ஒரு சித்தாந்தத்தையும் அளித்தார். பரம்பொருளின் முதல் எண்ணம் பெண்ணுருவாகப் பிறந்து, தானே படைத்த தேவதூதரால் சிறைப்பட்டு, உடல்விட்டு உடல் மாறி, ஒரு பிறவியில் டிராய் யுத்தத்துக்குக் காரணமான ஹெலனாகவும் இருந்து, கடைசியில் தீரு பட்டணத்து வேசையர் விடுதியில் வந்து விழுந்தது என்றும், அவளை மீட்கவே பரம்பொருள் சீமோன் வடிவில் இறங்கி வந்ததென்றும் அவன் போதித்ததாக இரேனேயு எழுதுகிறார். பின்னர் எழுந்த எல்லாப் பேதகங்களுக்கும் அவனே தந்தை என்றும் முடிவு கட்டுகிறார். ஆதிசக்தி பல பிறவியெடுத்து உழல்வதாகிய இக்கருத்து நம் காதுக்கு அவ்வளவு விசித்திரமாக ஒலிப்பதில்லை. உண்மையில் இது முதல் நூற்றாண்டுச் சமாரியனின் வாக்கா, அவன் பெயரைத் தாங்கிய பிற்கால ஞானவாதியரின் வாக்கா என்பது தீராத வழக்கு. வியக்கத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ஓரிகன், உலகம் முழுவதும் தேடினாலும் சீமோனைப் பின்பற்றுவோர் முப்பது பேர் தேறமாட்டார்கள் என்று எழுதினார். சீடர் குறைந்தாலும் கதை குறையவில்லை. எதிர்த்துக் கேட்க ஆளில்லாமற் போன பின்பு கதை தடையின்றி வளர்ந்தது என்றே சொல்லலாம்.

அந்த வளர்ச்சியை, இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய பேதுருவின் நடபடிகள் என்னும் நூலிற்போல வேறெங்கும் கண்டு மகிழமுடியாது. இது வேத புஸ்தகத்தில் சேர்க்கப்படாத நூல்; இத்தாலியில் வெர்செல்லி என்னும் ஊரின் லத்தீன் பிரதி ஒன்றில் இதன் பெரும்பாகம் பிழைத்து வந்திருக்கிறது. பேதுருவும் சீமோனும் ரோமாபுரியில் எதிரெதிரே நின்று போட்டியிடுகிறார்கள். மார்செல்லுஸ் என்னும் செனட் சபையினனின் மாளிகையில் சீமோன் விருந்தாளியாகத் தங்கியிருக்க, வாயிலில் நின்ற பேதுரு கட்டியிருந்த நாயை அவிழ்த்துத் தூது அனுப்புகிறார். அது மனிதக் குரலில் சீமோனை வெளியே வரும்படி அழைக்கிறது. புகையூட்டிக் காயவைத்துச் சன்னலில் தொங்கவிட்ட மீனொன்றைப் பேதுரு குளத்தில் எறிய, அது நீந்துகிறது. அப்பம் பிய்த்துப் போட்டால் தின்கிறது. ஏழு மாதக் குழந்தை ஒன்று ஆண்பிள்ளைக் குரலில் சீமோனை ஊரைவிட்டுப் போகச் சொல்கிறது. சமயநூல் வாசிக்கிறோம் என்பதை மறந்து, தெருக்கோடியில் கூத்துப் பார்க்கும் மகிழ்ச்சி நமக்கு உண்டாகிறது. எழுதியவனுக்கும் அதுவே நோக்கமாயிருந்திருக்கலாம்.

முடிவில் சீமோன், நான் கடவுளிடம் ஏறிப்போகிறேன் என்று சொல்லி, ராஜவீதியின்மேல், கோயில்களுக்கும் குன்றுகளுக்கும் மேலாகப் பறக்கிறான். மக்கள் அண்ணாந்து பார்த்து நிற்கிறார்கள். பேதுருவின் பிரார்த்தனையை இங்கே கவனித்தல் வேண்டும்: அவன் சாகவேண்டும் என்று அவர் வேண்டவில்லை, விழுந்து, கால் மூன்று இடத்தில் முறியட்டும் என்று மட்டுமே வேண்டுகிறார். அவ்வண்ணமே முறிகிறது. ஜனங்கள் கல்லெறிந்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அவனை இரவோடு இரவாக அரிச்சியா என்னும் ஊருக்கும், பின்னர் தெர்ராசினாவுக்கும் தூக்கிச் செல்கிறார்கள். அங்கே வைத்தியர்கள் கத்தி வைத்தபின் இறந்துபோகிறான். மூன்று முறிவு என்ற அந்தச் சிறு கணக்கு, கட்டுக்கதைக்கு மெய்யின் சாயலைத் தருவதில் கைதேர்ந்த ஒருவனின் வேலை என்பதில் ஐயமில்லை.

பறந்து விழும் இக்காட்சி எங்கிருந்து வந்தது? சூட்டோனியஸ் என்னும் ரோம சரித்திரக்காரர், நீரோவின் அரங்கக் காட்சிகளை வருணிக்கையில், இக்காரஸ் வேடமிட்ட ஒருவன் முதல் முயற்சியிலேயே மன்னனின் ஆசனத்தருகில் விழுந்து, அவன்மீது இரத்தம் தெறித்தது என்கிறார். நீரோவுக்கு எதிரில் ஒருவன் பறக்க முயன்று மாண்ட செய்தி ஊரில் வழங்கியிருக்க, கதைசொல்லி அதைச் சீமோன் தலையில் ஏற்றியிருத்தல் கூடும். பேதுருவின் நடபடிகளில் நீரோ அக்காட்சியைப் பார்ப்பதில்லை. பின்னெழுந்த நூல்களிலேதான் அரசன் மரத்தால் கோபுரம் கட்டிக்கொடுக்க, சீமோன் அதிலிருந்து எழும்பி, விழுந்து, நான்கு துண்டாகிறான். பேதுரு மண்டியிட்டதனால் குழிந்தவை என்று இரண்டு கற்களை ரோமாபுரியில் சாந்தா பிரான்செஸ்கா ரோமானா ஆலயத்தில் இன்றும் காட்டுகிறார்கள். இப்போலித்து என்பவரோ வேறு முடிவு சொல்கிறார். அதன்படி சீமோன் தன்னை உயிரோடு புதைக்கச் சொல்லி, மூன்றாம் நாள் எழுவேன் என்றான், எழவில்லை. இது அமைதியான, கொடிய பரிகாசம். ஆனால் சிற்பிக்கும் ஓவியனுக்கும் இதில் வேலையில்லாமையால் உலகம் இதை மறந்தது.

ரோமாபுரி ஆயர் கிளெமெந்துவின் பெயரால் வழங்கும் புனைகதைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகரலாம். நான்காம் நூற்றாண்டில் இன்றைய உருவம் பெற்ற இவற்றில் சீமோன் காற்றிலிருந்து ஒரு சிறுவனைப் படைத்துக் கொல்கிறான். செசரியாவில் பேதுருவோடு நாட்கணக்கில் தர்க்கம் செய்கிறான். கிளெமெந்துவின் தந்தையின் முகத்தைத் தன் முகமாக மாற்றிவிடுகிறான். உடனே பேதுரு, அந்த மாறிய முகத்தோடேயே அம்முதியவரை அந்தியோகியாவுக்கு அனுப்பி, சீமோன்போலப் பேசித் தம்மைப் புகழும்படி செய்கிறார்! அப்போஸ்தலர் மாயத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுதியவருக்குத் தோன்றவில்லை. 1831இல் ஜெர்மானியப் பேரறிஞர் பவூர், இக்கதைகளில் பேதுருவோடு மல்லாடும் சீமோன் உண்மையில் பவுலின் முகமூடி என்றும், ஆதித் திருச்சபையில் பேதுரு கட்சியும் பவுல் கட்சியும் கொண்டிருந்த பகையே இதில் மறைந்து நிற்கிறது என்றும் வாதிட்டார். ஒரு சில தர்க்கப் பகுதிகளுக்கு அது பொருந்தும். முழுக் கதைக்கும் பொருத்த முயல்வது அறிவின் மிகுதியால் நேரும் அத்துமீறல்.

இனி, பணத்தின் வழியைப் பார்ப்போம். 451ஆம் ஆண்டுக் கால்செதோன் பொதுச்சங்கம், பணம் வாங்கிக்கொண்டு குருப்பட்டம் கொடுக்கும் ஆயர் பதவியிழக்கவேண்டும் என்று விதித்தது. இக்குற்றத்துக்குச் சீமோனியம் என்ற பெயரே நிலைத்தது. பதினோராம் நூற்றாண்டில் மேற்றிராணியார் பதவிகள் நிலவருமானத்தோடு கைமாறிய காலத்தில், ஐரோப்பிய அரசியலையே இச்சொல் ஆட்டிவைத்தது. முன்னிருந்த பாப்பரசரைப் பணம் கொடுத்துப் பதவி விலகச் செய்து தாம் பாப்பரசரானார் என்ற குற்றத்தின்பேரில் ஆறாம் கிரகோரியார் 1046இல் சூத்ரி சங்கத்தில் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். பணம் கொடுத்துப் பட்டம் பெற்றவன் கொடுத்த பட்டம் செல்லுமா என்று இரு பெரும் கர்தினால்கள் எதிரெதிராக நூல் எழுதினர். செல்லும் என்றார் பேதுரு தமியான், செல்லாது என்றார் ஹும்பெர்ட். தாந்தே தம் நரக காண்டத்தின் பத்தொன்பதாம் சருக்கத்தில், சீமோனின் பெயர் சொல்லி விளித்துத் தொடங்கி, பதவி விற்ற பாப்பரசர்களைக் கல்லின் குழிகளில் தலைகீழாக நட்டு, உள்ளங்காலில் நெருப்புப் பற்றவைத்தார். மூன்றாம் நிக்கோலாஸ் அங்கே கிடந்தபடி, எட்டாம் போனிபாசின் வரவை எதிர்நோக்குகிறார். தலைகீழாய் விழுந்தவனின் பெயரால் வழங்கும் குற்றத்துக்குத் தலைகீழ் நிலையையே தண்டனையாக்கிய கவியின் யுக்தி மெச்சத்தக்கது. வித்தையும் விலையும் அருகருகே வந்துநின்ற இடம், நான் அறிந்தவரையில், இந்த ஒரு சருக்கம்தான். இங்கும் சீமோன் என்பவன் பெயர் மட்டுமே.

பறத்தலின் வழி ஆலயச் சுவர்களில் செல்கிறது. பிரான்சில் ஓத்தன் நகரப் பேராலயத்துத் தூண் தலைப்பொன்றில், பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பி, கைகால்களில் சிறகு கட்டிய சீமோனை ஏறவைத்து, இன்னொன்றில் தலைகுப்புற விழவைத்திருக்கிறான். பக்கத்தில் பேதுரு சாவியோடு நிற்க, பிசாசு பல்லிளிக்கிறது. 1461ஐயொட்டி பெனோட்சோ கொட்சோலி தீட்டிய சிறு பலகைச் சித்திரத்தில் மரக்கோபுரமும், அரசனும், தரையில் சிதைந்த உடலும் இருக்கின்றன. இவற்றைக் கண்டு நின்ற பாமரன், அம்மனிதன் என்றோ பணம் கொடுக்க முன்வந்தவன் என்பதை அறிந்திருக்க வழியில்லை.

இதற்கிடையே மனந்திரும்பிய மாந்திரிகர் வரிசையொன்று தோன்றிவிட்டது. அந்தியோகியாவின் சிப்பிரியான், யுஸ்தினா என்னும் கன்னியை வசியம் செய்யப் பிசாசுகளை ஏவி, அவளுடைய சிலுவை அடையாளத்தின்முன் அவை தோற்றோடக் கண்டு, தன் சுவடிகளை எரித்துக் கிறிஸ்தவனாகி, அவளோடு வேதசாட்சியாக மாண்டான் என்பது கதை. நசியான்சுஸ் கிரகோரியாரே ஒரு பிரசங்கத்தில் இவனையும் கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்பிரியானையும் ஒருவராக்கிவிட்டார். 1637இல் ஸ்பானிய நாடகாசிரியர் கால்தெரோன் இக்கதையை நாடகமாக்கினார். ஆனால் அதே ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும், பின்னர் பிரேசிலிலும், சிப்பிரியானின் பெயரிட்ட மந்திரப் புத்தகங்கள் புதையல் எடுப்போரிடையே பரவின. எரித்த சுவடி வேறு உருவில் திரும்பி வந்ததுபோலும். கிலிக்கியாவின் அதானா நகரத்து ஆலய அதிகாரி தியோபிலுஸ், பதவி இழந்த வருத்தத்தால் பிசாசுக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொடுத்து, பிறகு கன்னிமரியாளின் தயவால் அவ்வோலையைத் திரும்பப் பெற்றான். உயிரை அடகு வைத்துப் பத்திரம் எழுதுதல் என்னும் கற்பனை மேற்கத்திய இலக்கியத்தில் வேரூன்றுவதற்கு இக்கதையே பெருங்காரணம்.

பாவுஸ்ட் கதையில் இவ்விழைகள் எல்லாம் முறுக்கேறுகின்றன. 1507இல் திரித்தேமியுஸ் என்னும் மடாதிபதி, தன்னை இளைய பாவுஸ்ட் என்று சொல்லிக்கொண்டு திரியும் ஒரு வாய்வீச்சுக்காரனைப் பற்றி வெறுப்போடு கடிதம் எழுதினார். 1587இல் பிராங்க்பர்ட் நகரில் யோகான் ஸ்பீஸ் அச்சிட்ட மலிவுப் புத்தகம் அவனைப் பிசாசோடு ஒப்பந்தம் செய்தவனாக்கியது; அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொண்டு மார்லோ நாடகம் எழுதினார். அதில் வரும் ஹெலன், சீமோனின் ஹெலன் தானா? கிளெமெந்துக் கதைகளில் பாவுஸ்துஸ் என்ற பெயர் வருவதும், டிராய் நகரத்து ஹெலன் இருவருக்கும் துணையாவதும் தற்செயல் என்று தள்ளமுடியாதவை என்று சில ஆராய்ச்சியாளர் கூறுவர். ஹெலன் எல்லோருக்கும் பொதுச்சொத்தாகையால் இவ்வாதத்தை இறுதியானதாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் ஸ்பீஸின் நூலை எழுதியவன் பழைய கதையைச் செவிவழியாகவேனும் கேட்டிருப்பான் என்றே எண்ணத் தோன்றுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீமோனுக்குப் புதிய வழக்கறிஞர் கிடைத்தனர். பிரம்மஞான சங்கத்தை நிறுவியோருள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் அந்தரங்கச் செயலாளராயிருந்த மீட் என்பவர் 1892இல் அவனைப் பற்றி ஒரு நூல் எழுதி, திருச்சபைத் தந்தையரின் ஏச்சுக்குப் பின்னால் ஒரு கௌரவமான ஞானசித்தாந்தம் இருந்தது என்று எடுத்துக்காட்டினார். நம் அடையாற்றில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சங்கத்தாரின் நூலகங்களில் சீமோன் பேதகனாக அல்லாமல் ஞானியாக நுழைந்தது இவ்வழியேதான்.

வெள்ளித்திரை அவ்வளவு தயவு காட்டவில்லை. 1954ஆம் ஆண்டின் ‘தி சில்வர் சாலிஸ்’ என்னும் ஹாலிவுட் படத்தில் ஜாக் பாலன்ஸ் சீமோனாக நடித்தார். அவனுடைய வித்தைகள் எல்லாம் கயிறும் பொறியுமே என்று படம் முதலிலேயே காட்டிவிடுகிறது. ஆனால் கைதட்டல் கேட்டுக் கேட்டு அவனே தன் பொய்யை நம்பத் தொடங்கி, நீரோவின் முன்னிலையில் பொறியின் துணையின்றிக் கோபுரத்திலிருந்து குதிக்கிறான். பால் நியூமன் நடித்த முதற் படம் இது. பின்னாளில் அது தொலைக்காட்சியில் காட்டப்படவிருந்தபோது அவரே பத்திரிகையில் விளம்பரம் செய்து மன்னிப்புக் கேட்கும் அளவுக்குப் படம் மோசமானது. ஆயினும் தன் ஏமாற்றுக்குத் தானே பலியாகும் வித்தைக்காரன் என்ற அந்த ஓர் எண்ணம், பழைய ஆசிரியர் எவருக்கும் தோன்றாதது. பாலன்ஸும் அதைக் கண்ணில் காட்டிவிடுகிறார்.

1983இல் யுகோஸ்லாவிய எழுத்தாளர் தனிலோ கீஷ் வெளியிட்ட சிறுகதைத் தொகுதியின் முதற்கதை சீமோனைப் பற்றியது. பறந்து விழுவது, புதைந்து எழாமற்போவது ஆகிய இரண்டு முடிவுகளையும் அவர் அடுத்தடுத்துச் சொல்கிறார். அவன் விழுந்து கிடக்கையில் உடனிருந்த பெண், இந்த வீழ்ச்சியே அவன் போதனை உண்மை என்பதற்குச் சான்று என்கிறாள். அற்புதம் பலித்தால் பேதுருவுக்கு வெற்றி, பலிக்காவிட்டால் சீமோனுக்கு வெற்றி என்று கணக்கை மாற்றி எழுதிய அந்தத் துணிவு, பதினெட்டு நூற்றாண்டு ஒருதலைப் பட்சத்துக்குக் கிடைத்த முதல் தகுந்த பதில். இக்கதையிலும் பணத்தைப் பற்றிய பேச்சு இல்லை. பணம் அதே 1983ஆம் ஆண்டில், ஜனவரி 25ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் புதிய சட்டத்தொகுப்பில் இருக்கிறது: சீமோனியத்தால் பெற்ற பதவி சட்டப்படியே செல்லாது என்று அதன் 149ஆம் விதி கூறுகிறது. பாப்பரசர் தேர்தலுக்கு மட்டும் 1996இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஒரு விலக்கு அளித்தார். விலை பேசியவர்கள் சபைநீக்கம் பெறுவார்கள், தேர்தல் செல்லாமற்போகாது. பாப்பரசர் உண்மையிலேயே பாப்பரசர்தானா என்ற வழக்கு எழாதிருக்கவே இந்த ஏற்பாடு.